பயிரின் பசியை அறிவது எப்படி?

பசித்த குழந்தை அழுது தெரிவிக்கிறது; பசித்த மாடு கதறித் தெரிவிக்கிறது. பயிருக்கு அந்த வசதி இல்லை. அது தன் குறையை இலையின் நிறத்தாலும், தண்டின் வளர்ச்சியாலும், காயின் திரட்சியாலும் மட்டுமே தெரிவிக்கிறது. அந்த மொழியைப் படிக்கத் தெரிந்த விவசாயி, வேண்டிய சத்தை வேண்டிய காலத்தில் இட்டுப் பலன் அடைகிறார். படிக்கத் தெரியாதவரோ பசியை நோய் என்று எண்ணி மருந்து தெளித்தும், நோயைப் பசி என்று எண்ணி உரமிட்டும் கைப்பொருளை இழக்கிறார்.

சென்ற பருத்திப் பருவத்தில் ஒரு நாள் நமது சங்க அலுவலகத்திற்கு அங்கத்தினர் இருவர், ஆளுக்கொரு பருத்தி இலையுடன் வந்தனர். இரண்டு இலைகளும் சிவந்திருந்தன. முதலாமவர் அதைப் பூச்சியின் வேலை என்று கருதி, கடன் வாங்கி மூன்று முறை பூச்சி மருந்து தெளித்திருந்தார். இரண்டாமவர், இலை சிவந்தால் மக்னீசியக் குறைவு என்று யாரோ சொல்லக் கேட்டு, மக்னீசியம் சல்பேட்டை இரண்டு முறை தெளித்திருந்தார். இருவருக்கும் பயன் இல்லை. இலைகளை மேசைமீது அருகருகே வைத்துப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. முதலாமவரது இலையில் நரம்புகள் பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் செந்நீலமாகச் சிவந்திருந்தது. இது மக்னீசியக் குறைவு. இரண்டாமவரது இலையின் ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டு, ஓரத்திலிருந்து மஞ்சளும் சிவப்பும் உள்நோக்கிப் பரவியிருந்தன. அவரது வயலுக்குச் சென்று இலைகளைத் திருப்பிப் பார்த்தோம். அடிப்புறத்தில் வெளிர்பச்சை நிறமுள்ள தத்துப்பூச்சிகள் பக்கவாட்டில் ஓடின. வாங்கிய மருந்தை இருவரும் தமக்குள் மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டு வயல்களும் பிழைத்திருக்கும்!

இத்தகைய நஷ்டம் மற்ற அங்கத்தினர்களுக்கு நேராதிருக்க வேண்டும் என்ற எண்ணத்துடனேயே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சத்துக்கள் எத்தனை?

பயிர் வளர்ந்து விதை தருவதற்கு 17 மூலகங்கள் இன்றியமையாதவை என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுள்ளனர். இவற்றுள் கரி, நீரகம், பிராணவாயு ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கின்றன. எஞ்சிய 14 சத்துக்களைப் பயிர் மண்ணிலிருந்தே பெற வேண்டும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகிய மூன்றும் அதிக அளவில் வேண்டியவை. சுண்ணாம்பு, மக்னீசியம், கந்தகம் ஆகியவை அடுத்த அளவில் வேண்டியவை. இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, செம்பு, போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகிய எட்டும் மிகச் சிறிதளவே வேண்டியவை. ஆயினும் அளவு சிறிது என்பதால் அவசியமும் சிறிது என்று எண்ணலாகாது.

பயிரின் விளைச்சலை நிர்ணயிப்பது மிகுதியாக உள்ள சத்தன்று. தேவையை நோக்க மிகக் குறைந்துள்ள சத்தே என்ற விதியை, 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நாட்டு அறிஞர்களான கார்ல் ஸ்பிரெங்கல், யூஸ்டஸ் லீபிக் ஆகியோர் எடுத்துரைத்தனர். நமது நெசவாள அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறியில் பாவு எத்தனை கஜம் இருந்தாலும் ஊடை நூல் தீர்ந்துவிட்டால் தறி நின்றுவிடுகிறது. மேலும் பாவு ஏற்றுவதால் துணி வளராது. அவ்வாறே துத்தநாகம் இல்லாத வயலில் யூரியாவை மூட்டை மூட்டையாக இட்டாலும் நெல் தேறாது.

முதற் கேள்வி: கீழ் இலையா, மேல் இலையா?

செடியின் முன் நின்றதும் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, குறை முதலில் தோன்றியது முதிர்ந்த கீழ் இலையிலா, இளந்தளிரிலா என்பதே. இதற்குக் காரணம் உண்டு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம் பெயரக்கூடியவை. மண்ணில் இவை குறைந்தால், செடியானது முதிர்ந்த இலைகளிலிருந்து இவற்றை எடுத்துத் தளிருக்கு அனுப்புகிறது. தாய் தன் உணவைக் குறைத்துக்கொண்டு குழந்தைக்கு ஊட்டுவதைப் போன்றது இது. ஆகவே குறை கீழ் இலைகளில் முதலில் தெரிகிறது. இரும்பு, சுண்ணாம்பு, போரான், கந்தகம் ஆகியவை எளிதில் இடம் பெயர்வதில்லை. ஆகவே இவற்றின் குறை இளம் இலைகளிலும் குருத்திலும் முதலில் தெரிகிறது. துத்தநாகம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

கீழ் இலைகளில் தோன்றும் குறைகளைப் பிரித்தறியும் வகை பின்வருமாறு:

தழைச்சத்துக் குறைவில் இலை முழுவதும் ஒரே சீராக வெளிறி மஞ்சளாகிறது. நெல்லிலும் சோளத்திலும் மஞ்சள் நிறம் இலை நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியே கீழிறங்கும். செடி குட்டையாகும், தூர் குறையும்.

மணிச்சத்துக் குறைவில் இலை மஞ்சளாவதில்லை. மாறாக, கரும்பச்சையாகி, சில பயிர்களில் ஊதா நிறம் கலந்து காணும். செடி வளராமல் நிற்கும், முதிர்ச்சி தாமதப்படும். ‘பயிர் நல்ல பச்சையாக இருக்கிறதே’ என்று இதில் ஏமாறுவோர் பலர்.

சாம்பல் சத்துக் குறைவில் இலையின் நுனியும் ஓரமும் மஞ்சளித்து, பின்னர் தீயில் வாட்டியதுபோல் கருகும். நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும்.

மக்னீசியக் குறைவில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும், பருத்தியில் செந்நீலமாகும்.

இளம் இலைகளில் தோன்றுவனவற்றுள், தளிர் முழுவதும் சீராக மஞ்சளித்தால் கந்தகக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். தளிரில் நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்து இடைப்பகுதி மஞ்சளாகி, முற்றிய நிலையில் இலையே வெளுத்துவிட்டால் அது இரும்புக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் நிலக்கடலையிலும் கரும்பிலும் இதனை அடிக்கடி காண்கிறோம். மண்ணில் இரும்பு இல்லாமையால் அன்று, இருக்கும் இரும்பு கரையாத நிலையில் கட்டுண்டிருப்பதாலேயே பயிர் பட்டினி கிடக்கிறது. நுனிக்குருத்து கருகி, சப்பைகளும் பிஞ்சுகளும் உதிர்ந்து, இலைக்காம்பில் கரிய வளையங்கள் தோன்றினால் பருத்தியில் அது போரான் குறைவின் அறிகுறி.

நெல்லில் துத்தநாகம்

உத்தரப் பிரதேசத்தின் தராய்ப் பகுதியில் நெற்பயிரைத் தாக்கிய ‘கைரா’ என்பதை மக்கள் ஒரு நோயாகவே கருதி வந்தனர். பந்த்நகரில் பணியாற்றிய பயிர்நோய் அறிஞர் நேனே 1966ஆம் ஆண்டில் அது கிருமியால் வருவதன்று, துத்தநாகக் குறைவே என்று நிரூபித்தார். நோயைத் தேடிச் சென்றவர் பசியைக் கண்டு திரும்பினார் என்பது நாம் சிந்திக்கத்தக்கது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பருத்தியின் ‘துரு நோய்’ எனப்பட்டதும் அத்தகையதே. அது சாம்பல் சத்துக் குறைவால் நேர்வது என்பதை ஆட்கின்சன் என்ற அறிஞர் 1890களில் எடுத்துக்காட்டினார்.

நமது வயல்களில் நடவு செய்த இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் இக்குறை தென்படும். இளம் இலைகளின் அடிப்பகுதியில் நடுநரம்பு வெளுக்கும். கீழ் இலைகளில் துருப்போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவும். பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாகி நிற்கும். களர் நிலங்களிலும், எப்போதும் நீர் தேங்கும் தாழ்ந்த நிலங்களிலும், மணிச்சத்தை அளவுக்கு மீறி இட்ட நிலங்களிலும் இது அதிகம்.

முன்கூட்டித் தடுக்க, ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, நிலத்தைச் சமன்செய்தபின் நடவுக்குச் சற்று முன்னர் மேலாகத் தூவ வேண்டும். அதனை மணிச்சத்து உரத்துடன் கலந்துவிடக் கூடாது; கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பயிருக்குக் கிட்டாமற் போகும். நின்ற பயிரில் குறை கண்டால், 200 லிட்டர் நீரில் 1 கிலோ துத்தநாக சல்பேட்டையும் 2 கிலோ யூரியாவையும் கரைத்து ஏக்கர் முழுவதும் தெளித்து, 15 நாள் கழித்து மறுபடியும் தெளிக்கலாம்.

நெல்லின் தழைச்சத்தை அளக்க இலை வண்ண அட்டை என்ற எளிய கருவி உள்ளது. நடவு செய்த 14ஆம் நாள் முதல் பூக்கும் வரை வாரம் ஒருமுறை காலை வேளையில், வெயில் நேரே படாதபடி நம் உடலின் நிழலில், பத்துச் செடிகளில் முழுதும் விரிந்த மேல் இலையை அட்டையுடன் ஒப்பிட வேண்டும். பத்தில் ஆறு இலைகளேனும் 4ஆம் எண்ணின் நிறத்துக்குக் கீழே இருந்தால் மட்டுமே யூரியா இடுதல் தகும். வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் எண் போதும். அட்டை கேளாதபோது யூரியா இடுபவர் பூச்சிகளுக்கு விருந்து வைப்பவரே ஆவார். மிகுந்த தழைச்சத்தால் பயிர் சாய்வதும் உண்டு.

நிலக்கடலையில் பொக்கு

நிலக்கடலைச் செடி பசுமையாகச் செழித்திருந்து, பறிக்கும்போது காயெல்லாம் பொக்காக இருந்தால் விவசாயியின் மனம் என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வேர் எடுத்துக்கொள்ளும் சுண்ணாம்புச் சத்து இலைக்குச் செல்கிறதே தவிர, மண்ணுக்குள் வளரும் காய்க்கு இறங்கி வருவதில்லை. காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன்னைச் சூழ்ந்த மண்ணிலிருந்து தானே உறிஞ்ச வேண்டியுள்ளது. ஆகவே செடியின் பசுமை இங்கே சாட்சியாகாது. விதைத்த 40 முதல் 45ஆம் நாளில், விழுதுகள் மண்ணில் இறங்கும் தருணத்தில், ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைச் செடியின் அடியில் இட்டு மண் அணைக்க வேண்டும். ஜிப்சத்திலுள்ள கந்தகம் எண்ணெய்ச் சத்துக்கும் உதவுகிறது.

பருத்தியும் நெசவும்

பருத்தியைப் பற்றி இப்பத்திரிகையில் பேசும்போது நாம் இரு சாராரையும் நோக்கியே பேசுகிறோம். பூ மலர்ந்தபின் ஏறக்குறைய மூன்று வாரம் பஞ்சின் இழை நீளத்தில் வளர்கிறது. அதற்குப் பின்னர் இழையின் சுவர் தடித்து முதிர்கிறது. இழை நீள்வதற்கு வேண்டிய உள்ளழுத்தத்தைத் தருவது பெரும்பாலும் சாம்பல் சத்தே. அது குறைந்த வயலில் இழை குட்டையாகி, சுவர் மெலிந்து, முதிராமலே காய் வெடிக்கிறது. அம்முதிராத இழைகள் நூற்கும்போது சிறு முடிச்சுகளாகச் சுருண்டு நூலில் ஏறுகின்றன. சாயத்தையும் சரிவரப் பிடிப்பதில்லை. கருநீலச் சாயமேற்றிய துணியில் வெண்புள்ளிகள் தோன்றும்போது நெசவாளர் சாயக்காரரைக் குறை கூறுகிறார். சாயக்காரர் நூலைக் குறை கூறுகிறார். குற்றம் சில சமயங்களில் பருத்திக் காட்டில், காய் பிடிக்கும் நாளில் தொடங்கியிருக்கக்கூடும்.

இங்கே ஒரு விதிவிலக்கையும் கூறுதல் அவசியம். சாம்பல் சத்துக் குறைவு கீழ் இலையில் தோன்றும் என்றோம். ஆனால் குறுகிய காலத்தில் மிகுதியாகக் காய்க்கும் இக்காலத்துப் பருத்தியில், காய்கள் சத்தை விரைந்து இழுத்துக்கொள்வதால், பருவத்தின் பிற்பகுதியில் இக்குறை மேல் இலைகளிலேயே தோன்றுவதுண்டு.

பருத்தி இலை சிவப்பதற்கும் காரணம் ஒன்றன்று. மக்னீசியக் குறைவு, தத்துப்பூச்சி ஆகியவற்றுடன் தழைச்சத்துக் குறைவு, இரவுக் குளிர், நீர்த் தேக்கம், இயற்கையான முதுமை ஆகியவையும் சிவப்பை உண்டாக்கும். மக்னீசியமே காரணம் என்று தெளிந்தால், 200 லிட்டர் நீரில் 2 கிலோ மக்னீசியம் சல்பேட் கரைத்து, பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இருமுறை தெளிக்கலாம். பொட்டாஷ் உரத்தை அளவுக்கு மீறி இடுவதும் மக்னீசியம் கிட்டாமற் செய்யும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

தீர்மானிக்கும் முன்

மருந்தோ உரமோ வாங்கக் கடைக்குப் புறப்படும் முன்னர் நான்கு சோதனைகளைச் செய்யுமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சியும் பேனும் பெரும்பாலும் அடிப்புறத்திலேயே வாழ்கின்றன.

இரண்டாவது, வயலின் குறுக்கே நடந்து பாருங்கள். நல்ல செடிகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடிகள் கெட்டிருந்தால் அது பெரும்பாலும் நச்சுயிரி நோய் அல்லது வேர் நோய். அருகருகே உள்ள செடிகள் எல்லாம் ஒரே பாங்கில், இலையின் இருபுறமும் ஒத்தாற்போல் மாறியிருந்தால் சத்துக்குறைவாக இருக்கலாம்.

மூன்றாவது, ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். நீர் தேங்கி வேர் அழுகியிருந்தால் மண்ணில் எச்சத்து இருந்தும் பயனில்லை. முதலில் வடிகால் வெட்டுங்கள்.

நான்காவது, ஐயம் தீராவிடில் சில வரிசைகளுக்கு மட்டும் கரைசலைத் தெளித்து, அடையாளக் குச்சி நட்டு, எட்டுப் பத்து நாள் பொறுத்துப் பாருங்கள். புதிய இலைகள் நல்ல நிறத்துடன் வந்தால் உங்கள் கணிப்பு சரி. கருகிய பழைய இலை மறுபடி பச்சையாகாது. அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். இச்சோதனைக்குச் செலவு சில ரூபாய்களே. இதைச் செய்திருந்தால் மேலே கூறிய அங்கத்தினர் இருவரும் கடன்படாமல் தப்பியிருப்பர்.

இலைவழி உணவின் எல்லை

இலைமீது தெளிப்பது அவசர உதவியே அன்றி, அன்றாட உணவன்று. 200 லிட்டர் நீரில் 2 கிலோ யூரியாவைக் கரைத்தால் ஏக்கருக்குக் கிடைக்கும் தழைச்சத்து 920 கிராம் மட்டுமே. பல கிலோ வேண்டும் பயிருக்கு இது எம்மூலைக்குக் காணும்? ஆனால் துத்தநாகம், இரும்பு, போரான் போன்றவை சிறிதளவே தேவைப்படுவதால் அவற்றுக்கு இலைவழி தெளிப்பு பெரிதும் பொருந்தும்.

இரும்புக் குறைவுக்கு 200 லிட்டர் நீரில் 2 கிலோ அன்னபேதியையும் 200 கிராம் சிட்ரிக் அமிலத்தையும் கரைத்து உடனே தெளிக்க வேண்டும். கரைசல் பழுப்பாக மாறிவிட்டால் அது பயனற்றது. போரானைப் பொறுத்தவரை மிகுந்த எச்சரிக்கை தேவை. வேண்டிய அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. மண் பரிசோதனையின்றி வெண்காரம் வாங்க வேண்டாம். டி.ஏ.பி. தெளிப்பவர்கள் 4 கிலோவை 10 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து 200 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். அதனுடன் துத்தநாக சல்பேட்டைச் சேர்க்கலாகாது. எக்கரைசலையும் உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். காலையிலோ மாலையிலோ தெளிப்பதே நலம்.

மண்ணைக் கேளுங்கள்

இலை சொல்லும் செய்தி பெரும்பாலும் தாமதமாகவே வருகிறது. அது மஞ்சளாகும்போதே விளைச்சலில் ஒரு பங்கு போய்விட்டது. ஆகவே விதைப்புக்கு முன்னரே மண்ணைச் சோதிப்பது சிறந்தது. வயலில் 10 முதல் 15 இடங்களில், வரப்பு, எருக்குவியல், மரநிழல் ஆகியவற்றைத் தவிர்த்து, நெல்லுக்கும் கடலைக்கும் 15 சென்டிமீட்டர் ஆழமும், பருத்திக்கு அதனினும் சற்று அதிக ஆழமும் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலக் குழி வெட்டி, அதன் ஓரத்து மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பாகங்களை நீக்கி நீக்கி, அரைக் கிலோ ஆகும்வரை குறைக்க வேண்டும். இரும்பு, துத்தநாகம் போன்றவற்றை அறிய வேண்டுமானால் மண்வெட்டிக்குப் பதிலாக மரக்குச்சியால் சுரண்டி எடுத்தல் நலம்.

2015ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டையில் கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து உள்ளிட்ட 12 விவரங்கள் குறிக்கப்படுகின்றன. அவற்றுள் மக்னீசியம் இல்லை. ஆகவே அட்டை கையில் இருந்தாலும் பருத்தி விவசாயி இலையைப் படிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாகாது. அட்டையும் கண்ணும் ஒன்றுக்கொன்று துணை. இவையெல்லாவற்றுக்கும் அடிப்படையாகத் தொழுவுரமும் பசுந்தாளும் மண்ணில் சேர வேண்டும். அவை நுண்சத்துக்களைத் தருவதோடு, உள்ளவற்றைப் பயிருக்குக் கிட்டும் நிலையிலும் வைத்துக் காக்கின்றன.

அன்று இலை கொண்டுவந்த அங்கத்தினர் இருவரும் காரணம் தெரிந்தபின் உரியதைச் செய்தனர். ஆயினும் காலம் கடந்துவிட்டதால் முதல் சுற்றுக் காய்களைக் காப்பாற்ற முடியவில்லை. பின்னர் வந்த காய்களே தேறின. பதினைந்து நாள் முன்னதாக வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். ஆகவே அங்கத்தினர்கள் தம் வயலில் ஐயத்துக்குரிய இலையைக் கண்டதும், கீழ் இலை ஒன்றும் மேல் இலை ஒன்றுமாகக் காம்புடன் பறித்து, வாடுமுன் சங்கத்துக்குக் கொண்டுவர வேண்டுகிறோம். நாமும் கூடிப் பார்த்து, தெரியாதவிடத்து வேளாண்மை அலுவலரிடம் காட்டிக் கேட்போம். காட்டில் காய் திரண்டால்தான் தறியில் நூல் சிறக்கும். தறி சிறந்தால்தான் காட்டுக்காரருக்கு நல்ல விலை கிட்டும். இரண்டையும் இணைத்துக் காப்பதே கூட்டுறவின் நோக்கமன்றோ?